தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் வலி: மிதிவண்டி ஓட்டுவோர் மீண்டு வரும் வழி

மிதிவண்டி ஓட்டுவதால் வரும் வலி என்றால் முழங்காலும் இடுப்பும்தான் பலருடைய நினைவுக்கு வரும். எங்கள் பிரிவுக்கு வரும் மிதிவண்டி ஓட்டுநர்களில் ஒரு பகுதியினர் காட்டும் இடம் வேறு. ஒரு கையை மறு தோளுக்கு மேலாக முதுகுப்புறம் நீட்டி, விரல் நுனிக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஓரிடத்தைத் தொட்டு, “இந்த எலும்பின் ஓரத்தில்தான், ஆணி அடித்தாற்போல் இருக்கிறது” என்பார்கள்.

விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்புவோர், சர்க்கரை நோய் என்று தெரிந்தபின் உடற்பயிற்சிக்காக மிதிவண்டி வாங்கிய ஐம்பது வயதினர், கனமான புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள், வீடு வீடாகப் பாலும் நாளிதழும் கொண்டுசெல்வோர் என எல்லாத் தரப்பினரும் இதில் உண்டு. அவர்களிடம் பொதுவாக இரண்டு அச்சங்களைக் காண்கிறோம். ஒன்று, இது இதய வலியாக இருக்குமோ என்பது. மற்றொன்று, இனி மிதிவண்டியைத் தொடவே கூடாதோ என்பது. முதல் அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது; அதை முறையாக ஆராய்ந்து விலக்க வேண்டும். இரண்டாவது அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. வலிக்கும் இடமும் வலிக்குக் காரணமான இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் சாலைக்குத் திரும்புகிறார்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

தசையில் தோன்றும் வலி, கழுத்தைத் திருப்பும்போதும் கையை அசைக்கும்போதும் கூடிக் குறையும். குறிப்பிட்ட ஓரிடத்தை அழுத்தினால் அதே வலி தோன்றும். இதயத்திலிருந்து வரும் வலி பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. மேட்டில் ஏறும்போதும் வேகமாக மிதிக்கும்போதும் தோன்றி, நின்று இளைப்பாறினால் தணியும். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி ஆகியவை உடன் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரக்கூடும். ஆகவே மேற்சொன்ன வேறுபாடுகளை மட்டும் நம்பி, “இது வாயுப் பிடிப்புதான்” என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது.

இரு பட்டை எலும்புகளுக்கும் நடுவே, கிழிப்பது போன்ற கடும் வலி திடீரென்று தோன்றினால் அது உடலின் பெருந்தமனியில் ஏற்பட்ட கிழிசலாக இருக்கலாம். இதுவும் மாரடைப்பின் அறிகுறிகளும் உடனடி அவசர நிலைகள். மிதிவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு 108 ஆம்புலன்சை அழையுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே வீடு சேர முயல வேண்டாம்.

கொழுப்பு மிகுந்த உணவு உண்டபின் வலப்பக்கப் பட்டை எலும்பின் கீழே வரும் வலி பித்தப்பைக் கல்லினால் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சல் தோன்றி, சில நாள்களில் கொப்புளம் எழுந்தால் அது அக்கி. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உள்ளிட்டவற்றை ஆராய வேண்டும். கீழே விழுந்தபின் வந்த வலிக்கு எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். கை வலுவிழத்தல், சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவை தண்டுவடமோ நரம்போ நசுங்குவதைக் குறிக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைக் காணுங்கள்.

வலிக்கும் இடம் ஒன்று, காரணம் மற்றொன்று

முதுகின் மேற்பகுதியில் இருபுறமும் இறக்கை போல் துருத்தி நிற்கும் முக்கோண எலும்பே தோள்பட்டை எலும்பு. விலா எலும்புகளோடு இதற்கு நேரடி மூட்டு கிடையாது. கழுத்திலிருந்தும் முதுகெலும்பிலிருந்தும் விலாவிலிருந்தும் வரும் தசைகள் நாலா புறமும் இழுத்துப் பிடிக்க, அவற்றின் நடுவே இது மிதந்தபடி நகர்கிறது. கூடாரத் துணியைப் பல கயிறுகள் இழுத்து நிறுத்துவதோடு இதை ஒப்பிடலாம். ஒரு கயிறு தளர்ந்தால் மற்றொன்று கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும். எலும்பின் உள்விளிம்பில் வந்து சேரும் தசைகளும், கழுத்தின் மேல் முள்ளெலும்புகளிலிருந்து இறங்கி எலும்பின் மேல்மூலையைத் தூக்கிப் பிடிக்கும் தசையும் மிதிவண்டி ஓட்டுவோருக்கு அடிக்கடி வலிப்பவை.

மற்றொரு காரணமும் உண்டு. கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த தட்டுகளை ‘டிஸ்க்’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் பேச்சில் குறிப்பிடுகிறோம். ரால்ஃப் கிளோவார்டு என்னும் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், கழுத்தின் கீழ்ப்பகுதித் தட்டுகளைத் தூண்டினால் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் வலி தோன்றுவதை விளக்கினார். கழுத்தில் உள்ள கோளாறு, கழுத்து வலிக்காமலேயே முதுகில் வலியாக வெளிப்படலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. பல நாள் முதுகில் தைலம் தேய்த்தும் குணம் காணாதவர்கள் சிலரைப் பரிசோதிக்கும்போது, அவர்களுடைய வலியின் ஊற்று கழுத்தில் இருப்பதைக் காண்கிறோம். கையைத் தலைமேல் வைத்தால் வலி தணிவதும், கையில் மரமரப்பு ஓடுவதும் இதற்கான குறிப்புகள்.

மிதிவண்டியில் நடப்பது என்ன?

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து அமரும்போது அது கழுத்தின் மேல் சமநிலையில் நிற்கும். உடலை முன்சாய்த்து ஓட்டும்போது தலை உடலுக்கு முன்னே தொங்குகிறது. சாலையைப் பார்ப்பதற்கோ கழுத்தைப் பின்னோக்கி வளைத்தாக வேண்டும். பின்கழுத்துத் தசைகள் ஓய்வின்றிச் சுருங்கியே இருக்கின்றன. மிதிக்கும் கால் தசை ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கித் தளர்கிறது. அதனால் அதற்குள் இரத்தம் தடையின்றி ஓடுகிறது. அசையாமல் இறுகியிருக்கும் கழுத்துத் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கால் களைக்காத தூரத்திலும் முதுகு வலிப்பதன் காரணம் இதுவே.

கைப்பிடி எட்டாத தொலைவில் இருந்தால் பட்டை எலும்புகள் முன்னோக்கி இழுபடுகின்றன. அவற்றைப் பின்னால் பிடித்திருக்கும் தசைகள் நீண்டு இழுபட்ட நிலையிலேயே மணிக்கணக்கில் வேலை செய்கின்றன. “தசை இறுகிவிட்டது, இழுத்துவிட வேண்டும்” என்று நோயாளிகள் சொல்வதுண்டு. உண்மையில் அது ஏற்கெனவே இழுபட்டுக் களைத்த தசை. அதற்குத் தேவை வலிமை. மேலும், கழுத்தைப் பின்னோக்கி வளைக்கும்போது நரம்பு வேர்கள் வெளிவரும் துளைகள் சற்றே குறுகுகின்றன. கழுத்துத் தட்டில் முன்பே மாற்றம் உள்ளவர்களுக்குத் தாழ்ந்த கைப்பிடி வலியைத் தூண்ட இதுவும் காரணம்.

இந்தச் சுமையின் எல்லையைக் காட்டும் நிகழ்வு ஒன்று மருத்துவத்தில் ஒரு பெயராகவே நிலைத்துவிட்டது. அமெரிக்காவை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை மிதிவண்டியில் கடக்கும் நெடுந்தொலைவுப் போட்டியில், 1983ஆம் ஆண்டு மைக்கேல் ஷெர்மர் என்ற வீரரின் கழுத்துத் தசைகள் தலையைத் தூக்கி நிறுத்தும் வலுவை இழந்தன. அந்த நிலை இன்றும் ‘ஷெர்மர் கழுத்து’ என்றே அழைக்கப்படுகிறது. வாரம் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது நேரப்போவதில்லை. ஆனால் ஒரே தசைக் கூட்டத்தின் களைப்புதான் அங்கே பேரளவிலும் நம்மிடம் சிற்றளவிலும் வெளிப்படுகிறது.

மிதிவண்டியை மட்டும் குறை சொல்வதும் முறையாகாது. நாள் முழுதும் கணினியின் முன் கழுத்தை நீட்டி அமர்ந்து, இரவில் கைப்பேசியைக் குனிந்து பார்ப்பவரின் தசைகள் காலையில் வண்டியில் ஏறும்போதே களைத்திருக்கும்.

பரிசோதனையும் படங்களும்

வலியின் தன்மையைக் கேட்டறிவது, கழுத்து, தோள் ஆகியவற்றின் அசைவையும் கையின் வலு, உணர்ச்சி ஆகியவற்றையும் சோதிப்பது, தேவைப்பட்டால் இ.சி.ஜி. எடுப்பது ஆகியவற்றோடு பெரும்பாலானோருக்கு முதற்கட்டப் பரிசோதனை முடிந்துவிடும். அபாய அறிகுறி இல்லாதவர்களுக்குத் தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதில்லை. நாற்பது வயதைக் கடந்து, எந்த வலியும் இல்லாத பலருடைய கழுத்துப் படத்திலும் தட்டு மாற்றங்கள் காணப்படுகின்றன. அறிக்கையில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கண்டதும் கழுத்து இற்றுப்போய்விட்டதாக எண்ணிக் கலங்க வேண்டாம். நரை போல வயதோடு வரும் மாற்றம் அது. உங்கள் வலிக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை உடற்பரிசோதனையே சொல்ல வேண்டும்.

மீட்சியின் படிகள்

முதல் வாரம், வலியைத் தணிக்கும் காலம். வலி கடுமையாக இருக்கும் சில நாள்கள் மிதிவண்டிக்கு ஓய்வு கொடுங்கள். உடலுக்கு முழு ஓய்வு வேண்டாம். படுத்தே கிடந்தால் தசைகள் மேலும் வலுவிழக்கும். நடைப்பயிற்சி தொடரலாம். 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றியவர்கள் சூட்டைப் பிறரைக் கொண்டு சோதித்த பின்னரே ஒத்தடம் கொடுக்க வேண்டும். தலையணை ஒன்று போதும். கழுத்து உடலோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையை மருத்துவர் சொல்லாமல் அணியாதீர்கள்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை, வலுவூட்டும் காலம். இயன்முறை மருத்துவர் உங்கள் நிலைக்கேற்ப மாற்றித் தருவார். பொதுவாக நாங்கள் கற்றுத்தரும் பயிற்சிகள் நான்கு.

1. தாடையை உள்ளிழுத்தல்: நிமிர்ந்து அமர்ந்து, தலையைக் குனியாமல் தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, நாளுக்கு இருவேளை.

2. பட்டை எலும்புகளைப் பின்னிறக்குதல்: தோளை மேலே தூக்காமல், இரு எலும்புகளையும் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் கொண்டுவந்து 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, இருவேளை.

3. சுவர்த் தண்டால்: கை நீளத் தொலைவில் நின்று சுவரில் தண்டால் எடுங்கள். முழங்கை நிமிர்ந்தபின் சுவரை இன்னும் சற்றே தள்ளுங்கள். பட்டை எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் தசைக்கு அந்தக் கடைசித் தள்ளுதலே பயிற்சி. 10 முறை, இரு சுற்று.

4. பட்டை இழுத்தல்: பயிற்சிக்கான ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் உறுதியாகக் கட்டி, முழங்கைகள் விலாவை உரசியபடி பின்னுக்கு இழுங்கள். 10 முதல் 15 முறை, இரு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

இரண்டு வாரத்தில் வலி குறைந்தவுடன் பயிற்சியை நிறுத்திவிடுவது மீண்டும் வலி வர வழிசெய்யும். வலி தணிவதற்கு ஆகும் காலத்தைவிடத் தசை வலுப்பெற ஆகும் காலம் அதிகம். நரம்பு வேர் அழற்சியால் வந்த வலியும் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையின்றியே சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தணிகிறது.

அதன்பின், திரும்பும் காலம். இரு பக்கமும் தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க முடிகிறதா, இரு கைகளாலும் பிரேக்கை முழு வலுவோடு அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் இயலாதவர் போக்குவரத்து உள்ள சாலைக்குச் செல்லக் கூடாது. தொடக்கத்தில் சமதளத்தில் 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரங்களில் 30, 45, 60 நிமிடம் என உயர்த்தலாம். தூரத்தையும் வேகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால், ஓட்டும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அப்படி வராவிட்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு படி இறங்குவது தோல்வி ஆகாது. அடுத்த வாரம் மீண்டும் ஏறலாம்.

வண்டியையும் சீர்செய்யுங்கள்

உடல் தேறியபின் அதே வண்டியில் அதே அமைப்பில் ஏறினால் வலியும் திரும்பும். கைப்பிடியை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்துவதும், கைப்பிடியைத் தாங்கும் ‘ஸ்டெம்’ என்னும் பாகத்தைக் குட்டையானதாக மாற்றி எட்டும் தூரத்தைக் குறைப்பதும் பலருக்குப் பெரும் ஆறுதல் தருகின்றன. இருக்கையை முன்னுக்குத் தள்ளித் தூரத்தைக் குறைக்க வேண்டாம். அது முழங்காலைப் பாதிக்கும். இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கி, எடை முழுதும் கைகளில் இறங்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை இருக்கைமேல் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். கைப்பிடியின் அகலம் உங்கள் தோளின் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பழைய அளவைக் குறித்துவையுங்கள். எது பயன் தந்தது என்று அப்போதுதான் தெரியும்.

ஓட்டும்போது முழங்கையை விறைப்பாக நீட்டாமல் சற்றே மடக்கி வையுங்கள். சாலையின் அதிர்வு தோளுக்கு ஏறாது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைகளின் இடத்தை மாற்றுங்கள். தலைக்கவசத்தின் முன்விளிம்பு கண்ணை மறைத்தாலோ, மூக்குக் கண்ணாடி கீழே நழுவினாலோ, பார்ப்பதற்காகக் கழுத்தை மேலும் வளைக்க நேரிடும், அவற்றைச் சரிசெய்யுங்கள். கைப்பிடியில் சிறு கண்ணாடி பொருத்தினால் அடிக்கடி கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆயினும் திரும்பும் இடங்களில் தலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். மாணவர்கள் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்கிக் கேரியரில் கட்டலாம். பால், நாளிதழ் கொண்டுசெல்வோர் சுமையை ஒரு கைப்பிடியில் மட்டும் மாட்டாமல் இருபுறமும் சமமாகப் பிரித்துக் கேரியரில் தொங்கவிடுவது நல்லது. ஓய்வெடுத்தால் வருமானம் நின்றுவிடும் நிலையில் உள்ளவர்கள் அதை எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். சுற்றின் தூரத்தைக் குறைப்பது, சுமையை இரு நடையாகப் பிரிப்பது என்று வேலையோடு இணைந்த திட்டத்தை வகுக்க முயல்வோம்.

தவிர்க்க வேண்டியவை

முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கி எடுப்பதைச் சிலர் சுகமாகக் கருதுகின்றனர். கழுத்தைத் திடீரென்று முறுக்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். இது அரிது, நேர்ந்துவிட்டால் ஈடுசெய்ய இயலாதது. நரம்பு வலி உள்ளவர்கள் சுளுக்கு எடுப்பதையும், முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதையும் கைவிட வேண்டும்.

டைக்லோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி, நெடும்பயணத்துக்கு முன் விழுங்கும் வழக்கமும் ஆபத்தானது. வெயிலில் வியர்த்து நீர்ச்சத்து குறைந்த உடலில் இம்மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வயிற்றுப் புண்ணையும் இரத்த அழுத்த உயர்வையும் உண்டாக்கலாம். வலியை மறைத்துக்கொண்டு ஓட்டினால், நிறுத்து என்று உடல் தரும் எச்சரிக்கையும் மறைந்துவிடும்.

குடும்பத்தினருக்கு

“இந்த வயதில் சைக்கிள் எதற்கு?” என்ற கேள்வி அக்கறையில் பிறப்பது. ஆனால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மிதிவண்டி ஒரு மருந்து போன்றது. உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முதுகு வலிக்குப் பயந்து அதை முற்றிலும் கைவிட்டால் இதயத்துக்கு வேறு தீங்கு சேரும். ஓட்ட இயலாத வாரங்களில் அவரோடு நடக்கச் செல்லுங்கள். அவர் வண்டியில் அமர்ந்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுத்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். வாய்ச்சொல்லைவிட அது அதிகம் விளக்கும். பயிற்சிகளை நினைவூட்டுங்கள். அவர் மறைக்கும் அறிகுறிகளையும் கவனியுங்கள். தேநீர்க் குவளை கையிலிருந்து நழுவுவதும், சட்டை அணியும்போது ஒரு கை தயங்குவதும் வீட்டில் உள்ளவர்களுக்கே முதலில் தெரியும்.

எப்போது மீண்டும் வர வேண்டும்?

ஆறு வாரம் முறையாகப் பயிற்சி செய்தும் வலி குறையாவிட்டாலும், வலி கைக்குள் இறங்கத் தொடங்கினாலும், சுவரைத் தள்ளும்போது ஒரு பட்டை எலும்பு மட்டும் இறக்கை போல் வெளியே புடைத்தாலும் மறுபரிசோதனைக்கு வாருங்கள். கையின் வலு குறைவதாகத் தோன்றினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள். வரும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், முன்பு எடுத்த படங்கள், வாரத்தில் எத்தனை நாள் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் கொண்டுவந்தால், அடுத்த படியை உங்களோடு சேர்ந்து திட்டமிடுவது எங்களுக்கு எளிதாகும்.